ஜேம்ஸ் வார்ட் வாசித்த ரீல்

பாலிகரன், ஸ்லைகோ
15 நவம்பர் 1926, திங்கள்

அன்புத் தம்பி லோர்கனுக்கு,

உறுதியான செய்தி முதலில். நலம் விசாரிப்பு பிறகு. நேற்று ஞாயிறு பூசை முடிந்து, கீவனி வீட்டு அடுப்படியில் உன் பிடில் ஒலித்தது. நானே அங்கே இருந்தேன். வேறு சாட்சி தேவையில்லை.

மிஸஸ் கீவனியின் மகள் நியூயார்க்கிலிருந்து ஒரு கிராமபோனும் ஆறு இசைத்தட்டுகளும் அனுப்பியிருக்கிறாள். ஊரே திரண்டிருந்தது. நான்காவது தட்டில் ‘ஜேம்ஸ் வார்ட், பிடில்’ என்று அச்சிட்டிருந்தது. அடுத்தடுத்து இரண்டு ரீல் நடன மெட்டுகள். முதல் சுற்று முடிவதற்குள் வாசிப்பது நீ என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் பக்கத்துத் தந்தியையும் சேர்த்து உரசி இழுப்பது நம் வீட்டுப் பழக்கம். இந்தக் கோயில் பங்கில் வேறு யாரும் அப்படி இழுப்பதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களும் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அப்பா இருந்தார். நீ ஆஸ்திரேலியாவில் இருப்பதாகத்தான் ஊரைப் போல அவரும் நம்பிக்கொண்டிருந்தார். நல்ல வாசிப்பைக் கேட்டால், வாசிப்பவன் பெயரைச் சொல்லிக் கூவாமல் இருக்க நம் பக்கத்து ஆளால் முடியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கைத்தடியால் தரையில் ஓங்கித் தட்டி, “அப்படிப் போடுடா லோர்கன்! உன் கை என்னைக்கும் வாடக் கூடாதுடா!” என்று கூவிவிட்டார்.

“இதுல ஜேம்ஸ் வார்ட்னுல்ல போட்டிருக்கு, மைல்ஸ்?” என்றார் மிஸஸ் கீவனி.

“எந்த வார்டு? எம் மவன் வில்லு எனக்குத் தெரியாதாக்கும்!”

யாரும் சிரிக்கவில்லை. தட்டு முடிந்து ஊசி சும்மா உரசிக்கொண்டிருந்தது. எடுத்து வைக்க ஒருவரும் எழவில்லை. கதவோரம் கையில் தேநீர்க் கோப்பையுடன் நின்றது கேட் பிரெஹனி. அவள் அண்ணன் ஓவனை உள்நாட்டுச் சண்டையின்போது உங்கள் ஆட்கள் மூவர் கூட்டிப் போய் நாலாவது வருஷம் நடக்கிறது. உடல் இன்னும் கிடைக்கவில்லை. அந்த மூவரில் உயிரோடு இருப்பவன் நீ ஒருவன்தான் என்று அந்தக் குடும்பம் நம்புகிறது. அவள் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அவளுடைய இன்னொரு அண்ணன் மெலக்கி இருப்பது நியூயார்க்கில். உடனே குடியிருப்பை மாற்று. மாற்றியதை எழுது.

அப்பாவின் கண் இன்னும் மங்கிவிட்டது. மற்றபடி நலம். உன் நலம் அறிய ஆவல்.

உன் அண்ணன்,
டொமினிக்


நியூயார்க்
28 நவம்பர் 1926

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களையும் அப்பாவையும் கடவுள் காக்கட்டும். நான் நலம். குளிர் கடுமை, ஆனால் சுரங்க ரயிலுக்குப் பள்ளம் தோண்டுகிறவனுக்கு மேலே பனி பெய்தால் என்ன, மழை பெய்தால் என்ன.

ஆமாம், வாசித்தது நான்தான். இங்கே ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். திரைச்சீலை தொங்கும் ஒரு அறை. விளக்கு எரிந்ததும் ஆரம்பிக்க வேண்டும், மூன்று நிமிடத்தில் முடிக்க வேண்டும், தப்பு விட்டால் அந்த மெழுகுத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அங்கிருந்த ஆள் “மிஸ்டர் வார்ட், மிஸ்டர் வார்ட்” என்று இரண்டு தரம் கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. என்னைச் செவிடன் என்றே நினைத்துவிட்டார். “காலைத் தட்டாதீங்க, அதுவும் பதிஞ்சிடும்” என்றார். முடியவில்லை. கடைசியில் என் மேல்கோட்டை மடித்துக் காலடியில் போட்டார்கள்.

சுவரைப் பார்த்து வாசித்தேன் அண்ணா. முடித்ததும் ஒரு சத்தமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பெயரை மாற்றியாயிற்று, போதும் என்று நினைத்தேன்.

அப்பா கூவியதை இன்னொரு முறை எழுதுங்கள். எந்த இடத்தில் கூவினார்? முதல் ரீலிலா, அடுத்ததற்கு மாறும்போதா? மாறும்போதுதான் இருக்கும்.

நியூயார்க் பெரிய ஊர். கவலைப்படாதீர்கள்.

உங்கள் தம்பி,
லோர்கன்


பாலிகரன்
12 டிசம்பர் 1926

அன்புத் தம்பி லோர்கனுக்கு,

கடவுள் உன்னைக் காக்க. அப்பாவுக்கு இருமல், டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்.

உறுதியானது: கீவனி வீட்டு ஞாயிறுக்குப் பிந்திய புதன்கிழமை, கேட் பிரெஹனி நியூயார்க்குக்கு ஒரு தடித்த உறை தபாலில் சேர்த்தாள். தபால் அலுவலகத்து மிஸ் ஸ்கலி என்னிடமே சொன்னார். “அண்ணனுக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து இவ்ளோ சீக்கிரமா?” என்று கேட்டாராம். “அவனுக்கு இந்த வருஷம் முன்னாடியே வந்துருச்சு” என்றாளாம் கேட்.

உறுதியாகாதது: மெலக்கி துறைமுகத்தில் வேலை செய்வதாக ஒருவர் சொல்கிறார், செங்கல் சூளையில் என்று மற்றொருவர். விசாரிக்கிறேன்.

நீ குடியிருப்பை மாற்றினாயா என்று எழுதவில்லை. கேட்டது ஒன்று, மேல்கோட்டை மடித்துப் போட்டதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாய்.

அப்பா தினமும் கேட்கிறார். “ஆஸ்திரேலியாவுல தட்டு போடுறானாடா?” என்றார். இல்லை, அமெரிக்கா என்று சொல்லிவிட்டேன். கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, “அப்ப நான்தான் அவனக் காட்டிக் குடுத்தேனா?” என்றார்.

லோர்கன், நான் இதுவரை கேட்காததை இப்போது கேட்கிறேன். சண்டை முடிந்து அரசாங்கம் எல்லாருக்கும் பொதுமன்னிப்பு கொடுத்துவிட்டது. உன்னைச் சட்டம் தேடவில்லை. ஹொனோரா பிரெஹனி யாருக்கும் எந்த மன்னிப்பும் கொடுக்கவில்லை. அவள் மகன் ஓவன் எங்கே?

உன் அண்ணன்,
டொமினிக்


நியூயார்க்
26 டிசம்பர் 1926

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் ஆசீர்வாதம் நம் வீட்டுக்கு. அப்பாவின் இருமல் நின்றதா? நெஞ்சில் சூடான வாத்துக் கொழுப்பு தேய்க்கச் சொல்லுங்கள்.

நம் ஊர்க் கிறிஸ்துமஸ் வழக்கப்படி நானும் ஜன்னலில் மெழுகுவர்த்தி வைத்தேன். வீட்டுக்காரம்மா ஜெர்மன்காரி, திரை பற்றிக்கொள்ளும் என்று ஊதி அணைத்துவிட்டாள். நல்ல பெண்மணிதான்.

சனிக்கிழமைகளில் ஒரு நடனக் கூடத்தில் வாசிக்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் நிறைய வருகிறார்கள். போன வாரம் ஒருத்தர் மேடைக்கு அருகிலேயே நின்று கேட்டார், ஆடவில்லை. முடிந்ததும் வந்தார்.

“எந்தப் பக்கம் தம்பி நீ?”

“மேயோ” என்று பக்கத்து மாவட்டத்தைச் சொன்னேன்.

“உன் வாய் மேயோங்குது. உன் வில்லு ஸ்லைகோன்னுல்ல சொல்லுது!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நல்ல உயரம். இடுப்பு வாரில் மூட்டை இழுக்கும் கொக்கி ஒன்று. அதைக் கழற்றாமலே நடனத்துக்கு வந்திருந்தார். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். பேச்சுவாக்கில் தெருப் பெயரைச் சொல்லிவிட்டேன். வெறும் தெருப் பெயர்தான்.

இங்கே பனி விழுந்து தெருவெல்லாம் வெள்ளை. புது வருஷம் நல்லபடி பிறக்கட்டும்.

உங்கள் தம்பி,
லோர்கன்


பாலிகரன்
9 ஜனவரி 1927

லோர்கன்,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இன்று எனக்கு வேறு பிரார்த்தனை இல்லை.

உறுதியானது: மெலக்கி பிரெஹனி நியூயார்க் துறைமுகத்தில் கப்பல் மூட்டை இறக்குகிறான். கேட் வாயாலேயே கேட்டேன். நேற்றுச் சந்தையில் என் எதிரே வந்தாள். வழக்கமாகத் தெருவின் மறுபக்கம் போகிறவள், நேரே வந்து நின்றாள்.

“உங்க தம்பி நல்லா வாசிக்கிறானாமே, அண்ணே.”

“எந்தத் தம்பி?” என்றேன். என் பத்திரிகைத் தொழிலில் இவ்வளவு மோசமான ஒரு பதிலை நான் யாரிடமும் கேட்டதில்லை.

“ஏன், உங்களுக்கு எத்தனை தம்பி?” என்றாள். “மெலக்கி சனிக்கிழமையானா டான்ஸுக்குப் போறானாம். துறைமுகத்துல மூட்டை தூக்கிட்டு அப்படியே போயிடறான். அவனுக்கு ஆடவே தெரியாது, பாவம்.” கூடையில் முட்டைகளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். “உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க உங்க தம்பிய.”

நீ எழுதிய கொக்கிக்காரன் யார் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. மெலக்கி இங்கிருந்து போனபோது நீ சிறுவன். உனக்கு முகம் தெரியாது. அவனுக்கு முகம் தேவைப்படவில்லை.

மொன்டானாவில், பியூட் என்ற சுரங்க ஊரில், அம்மாவின் அண்ணன் மகன் ஃபெஸ்டஸ் இருக்கிறான். விலாசம் இத்துடன். இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்குள் ரயிலேறு. கூடத்துக்குச் சொல்லிக்கொண்டு போக வேண்டாம். பிடிலை எடுத்துப் போ, ஆனால் அங்கே வாசிக்காதே.

போலீசிடம் போகலாமா என்றும் யோசித்தேன். அவர்கள் கேட்கப் போகும் முதல் கேள்வியே ஓவன் எங்கே என்பதுதான். எனக்கே நீ அதற்குப் பதில் எழுதவில்லை.

டொமினிக்


பாலிகரன்
6 பிப்ரவரி 1927

அன்புத் தம்பி லோர்கனுக்கு,

கடவுள் உன்னைக் காக்க. அப்பாவின் இருமல் நின்றுவிட்டது.

மூன்று கப்பல் தபால் வந்துவிட்டது. உன் கடிதம் இல்லை. ஃபெஸ்டஸுக்குத் தந்தி அடித்தேன். நீ அங்கே வரவில்லை என்று பதில் வந்தது. என் கடிதம் திரும்பி வரவில்லை என்பது ஒன்றுதான் நல்ல செய்தி. அதாவது அதை யாரோ வாங்கியிருக்கிறார்கள்.

கேட் என்னைப் பார்த்தால் இப்போது நின்று வணக்கம் சொல்கிறாள். முன்பு பார்க்காமல் போனதே மேல்.

இரண்டு வரி போதும். எழுது.

டொமினிக்


நியூயார்க்
10 பிப்ரவரி 1927

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். பென்சிலில் கிறுக்குவதற்கு மன்னியுங்கள், தாளைப் பிடித்துக்கொள்ள ஒரு கை குறைகிறது. பனியில் வழுக்கி விழுந்துவிட்டேன். இடது கையில் அடி. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. வேலைக்குப் போகவில்லை. கூடத்துக்கும் போகவில்லை.

மொன்டானாவுக்குப் போகச் சொல்லி நீங்கள் எழுதியது கிடைத்தது. இப்போது முடியாது.

அப்பாவுக்கு என் அன்பு. கையைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டாம்.

ஹொனோரா அம்மா எப்படி இருக்கிறார்? நடமாட்டம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறாரா?

உங்கள் தம்பி,
லோர்கன்


பாலிகரன்
24 பிப்ரவரி 1927

அன்புத் தம்பி லோர்கனுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் கடவுளுக்கு நன்றி சொன்னேன். படித்த பிறகு இன்னொரு முறை சொல்லத் தோன்றவில்லை.

இந்தப் பத்திரிகையில் இருபத்தாறு வருஷமாக நீதிமன்றச் செய்தி எழுதுகிறேன். பனியில் வழுக்கி விழுந்தவன் எந்தத் தெரு, எந்தப் படி, பக்கத்தில் யார் சிரித்தார்கள் என்று எல்லாம் சொல்வான். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டான். ‘விழுந்துவிட்டேன், கையில் அடி’ என்று ஒரே வரியில் சொல்கிறவனை யாரோ அடித்திருப்பார்கள். எத்தனை விரல், லோர்கன்?

அடுத்தது: நீ இங்கிருந்து போன நாளிலிருந்து பிரெஹனி வீட்டில் ஒருவர் பெயரையும் உன் பேனா எழுதியதில்லை. இப்போது ஹொனோரா பூசைக்கு வருகிறாளா என்று கேட்கிறாய். வருகிறாள். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்கிறாள். பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குள் போய், அவர்கள் குடும்பத்து இடத்தில், கணவனுக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடக்கும் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எல்லா ஞாயிறும் நிற்கிறாள். நீ கேட்டதால் எழுதுகிறேன்.

அப்பா விடாமல் கேட்டார், சொல்லிவிட்டேன். “எந்தக் கை?” என்றார். இடது என்றேன். தன் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மெலக்கி உன்னைக் கண்டுபிடித்துவிட்டானா? ஆம், இல்லை என்று மட்டும் எழுது.

உன் அண்ணன்,
டொமினிக்


நியூயார்க்
9 மார்ச் 1927

அண்ணா,

வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் வெளியே போவதில்லை. வீட்டுக்காரம்மா ரொட்டியும் சூப்பும் அறைக்கே கொண்டுவந்து தருகிறாள். தெருமுனையில் புகையிலைக் கடை வாசலில் எப்போதும் ஒருவர் நிற்கிறார். காலையில் ஒருவர், சாயங்காலம் வேறொருவர். ஒளிந்துகொள்வதுகூட இல்லை. நேற்று ஒருவர் என் ஜன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை. பிரெஹனி வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? ஏதாவது தெரிந்தால் தந்தி அடியுங்கள்.

நீங்கள் டிசம்பரில் கேட்ட கேள்வி எனக்கு மறக்கவில்லை. அதைக் கடிதத்தில் எழுத முடியாது. நான் அங்கே இருந்தேன் என்று எழுதினால் அதற்குப் பிறகு நான் யார்? இப்போது யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாதல்லவா?

லோர்கன்


பாலிகரன்
24 மார்ச் 1927, வியாழன்

அன்புத் தம்பி லோர்கனுக்கு,

கடவுள் உன்னைக் காக்க. அப்பா நலம். நானும் நலம்.

உறுதியான செய்தி: நேற்றுக் காலை ஹொனோரா பிரெஹனி பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். உன் தெருவில் அவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். அவளே சொன்னது. தந்தியில் சொல்ல முடியாத அளவுக்கு நீளம், அதனால் கடிதம். நாளை புறப்படும் கப்பலில் சேரும்.

அவள் நாலு மைல் நடந்து வந்திருந்தாள். சால்வையெல்லாம் நனைந்திருந்தது. கணப்புக்கு அருகில் வரச் சொன்னேன், வரவில்லை. ஒரு கடிதத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

“படி. சத்தமா படி. கேட் எனக்குப் படிச்சுக் காட்டிட்டா. நீயும் அதேதான் படிக்கிறியான்னு பாக்கணும்.”

மெலக்கியின் கடிதம். சத்தமாகப் படித்தேன். அதில் உள்ள வார்த்தைகள் இவை: ‘அம்மா, அவன் கெடச்சுட்டான். எடது கைய கதவு இடுக்குல வச்சுக் கேட்டேன், ஓவன் எங்கடான்னு. வாயத் தொறக்கல. மூணு வெரல் போச்சு. மிச்சத்த நீ சொன்னாத்தான் செய்வேன். நீ என்ன சொல்றியோ அது.’

மூன்று விரல். இதை நீ எனக்கு எழுதியிருக்கலாம்.

“மிஸ் ஸ்கலிதான் எப்பவும் எனக்குக் கடுதாசி எழுதுவா. இத அவகிட்ட சொன்னா பொழுது சாயறதுக்குள்ள பங்கு பூரா பரவிரும்” என்றாள் ஹொனோரா. “கேட் எழுதினா அவ இஷ்டத்துக்கு எழுதிருவா. அவ மனசு என்னன்னு எனக்குத் தெரியும். நீதான் எழுதணும். மெலக்கிக்கு.”

“நானா? லோர்கன் என் தம்பி, மிஸஸ் பிரெஹனி.”

“அதான். நீ ஒரு எழுத்தையும் தப்பா எழுத மாட்ட. போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி கேட் எனக்குப் படிச்சுக் காட்டுவா. மாத்தணும்னு நெனச்சிராத.”

நினைத்தேன். உன்னிடம் மறைக்கவில்லை. பேனாவை மையில் தோய்த்து நான் உட்கார்ந்திருந்தபோது, இந்தக் கையால் இப்போது எதை எழுதப் போகிறேன் என்ற பயத்தில் தாளில் மை சொட்டிவிட்டது. “புதுத் தாள் எடு” என்றாள். எடுத்தேன்.

முதலில் பசு கன்று போட்டதைச் சொன்னாள். எழுதினேன். கூரையின் வடக்கு மூலையில் வைக்கோல் புதிதாக வேய்ந்ததைச் சொன்னாள். குளிருக்குக் காலுறை பின்னி அனுப்பியிருப்பதைச் சொன்னாள். நடுவில் ஒருமுறை, “வேகமாச் சொல்றேனா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் சொன்னதை, நான் எழுதியபடியே உனக்கும் எழுதுகிறேன்:

‘மெலக்கி, ஈஸ்டர் திங்கள் வரைக்கும் அவன் மேல கை வைக்காத. யாரு சுட்டா, எதுக்குச் சுட்டான்னு எனக்கு வேணாம். எம் புள்ள கடைசியா என்ன சொன்னான்னும் வேணாம். எடம் மட்டும் சொல்லட்டும். சொன்னா, நாங்க தோண்டிப் பாத்து ஓவன் கெடச்சா, அந்தத் தெருவ விட்டு வந்துரு. அப்புறம் அவன நீ எங்க பாத்தாலும் தெரியாதவன்தான். சொல்லலைன்னா’

அங்கே நிறுத்தினாள். நான் பேனாவைத் தூக்கிக் காத்திருந்தேன்.

“அவ்வளவுதான்” என்றாள்.

“வாக்கியம் முடியலையே.”

“அவனுக்குப் புரியும்.”

மடித்து உறையில் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். எழுந்தவள் போகவில்லை. “கீவனி வீட்டுல அந்தத் தட்ட எனக்குப் போட்டுக் காட்டினாங்க, டொமினிக். நான்தான் கேட்டேன்” என்றாள். “சும்மா சொல்லக் கூடாது. நல்லாத்தான் வாசிச்சிருக்கான். எனக்கே வாய் வரைக்கும் வந்துருச்சு அவன் பேரு.” பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கேட் படித்துக் காட்டிய பிறகு, உறையை அவள் தானே அடுத்த ஊர்த் தபால் பெட்டியில் போட்டிருக்கிறாள். தபால் வண்டி ஓட்டுகிறவர் பார்த்ததாக இன்று காலை சொன்னார்.

அந்தக் கடிதமும் இந்தக் கடிதமும் ஒரே கப்பலில் வருகின்றன. ஏப்ரல் நாலு, ஐந்து தேதிகளில் உங்கள் இருவர் கையிலும் இருக்கும்.

நான் இருந்தேன் என்று எழுதினால் அதற்குப் பிறகு நான் யார் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. அப்பாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். “எம் மவன்தான், வேற யாரு” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

கடிதமாக எழுதினால் நேரத்துக்கு வந்து சேராது. தந்தி அடி. என் பெயருக்கு, தபால் அலுவலகத்துக்கு. யார், எப்படி, ஏன் என்பதெல்லாம் வேண்டாம். சதுப்பா, வயலா, காடா. எந்த வேலிக்கு எந்தப் பக்கம். அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. நான் மண்வெட்டியோடு போகிறேன். பாதிரியாரிடம் பேசிவிட்டேன், அவர் கூட வருவார்.

ஒரு விஷயத்தைக் கவனமாகப் படி. ஹொனோரா கொடுத்த கெடு ஈஸ்டர் திங்கள், ஏப்ரல் பதினெட்டு. ஆனால் நம் தபால் அலுவலகம் புனித வெள்ளியன்று திறக்காது. சனிக்கிழமை பகல் ஒரு மணி வரைதான் திறந்திருக்கும். ஞாயிறும் திங்களும் பூட்டு. மிஸ் ஸ்கலியிடம் நேரில் கேட்டு உறுதி செய்தேன். ஆகவே உனக்குக் கெடு திங்கள் அல்ல, சனிக்கிழமை பகல் ஒரு மணி, எங்கள் நேரம். உன் ஊரில் அது காலை எட்டு.

அன்று கதவு திறந்ததிலிருந்து நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஹொனோராவும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் அண்ணன்,
டொமினிக்